மாடு மேய்த்த சிறுவன் ரெயிலின் தந்தை ஆனான்!

உலகம் இன்று ரெயிலின் தந்தை என்று போற்றும் ஜார்ஜ் ஸ்டீபன்சனுக்கு, 18 வயது வரை தன் பெயரை எழுதத் தெரியாது!

அவர் இங்கிலாந்து நாட்டில், நியூகாசில் நகருக்கு அருகே உள்ள வைலம் என்ற சிற்றூரில் 1781-ம் ஆண்டு ஜூன் மாதம் 9-ந் தேதி பிறந்தார். தந்தை ராபர்ட், நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்து தண்ணீர் இறைக்கும் நீராவி என்ஜினுக்குக் கரி அள்ளிப்போடும் தொழிலாளி. தாய் மேபல். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது.

நான்கு குடும்பங்கள் வசித்த ஒரு வீட்டில், ஒரே ஓர் அறைதான் அவர்களுக்கு. வாசலை ஒட்டி மரத்தண்டவாளம் ஓடியது. அதன் மீது கரி வண்டிகளைக் குதிரைகள் இழுத்துச் செல்லும். சிறுவன் ஜார்ஜ் தினமும் பார்த்து வளர்ந்தது இந்த வண்டிகளைத்தான்.

பள்ளிக்கூடம் அனுப்பப் பணம் இல்லை. மாடு மேய்த்தான். கரியில் கலந்திருக்கும் கல்லைப் பொறுக்கினான். பிறகு தந்தையுடன் என்ஜின் வேலைக்குச் சென்றான். 17 வயதில் என்ஜினைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பே அவனிடம் வந்துவிட்டது. ஓய்வு நாளில் மற்றவர்கள் விளையாடப் போவார்கள். ஜார்ஜ் என்ஜினைப் பிரித்துத் துடைத்து மறுபடியும் பூட்டுவான்.

இரவுப் பள்ளி

என்ஜின்களைப் பற்றிப் புத்தகங்கள் இருப்பதாக ஜார்ஜ் கேள்விப்பட்டார். ஆனால் படிக்கத் தெரியவேண்டுமே! 18 வயதில் இரவுப் பள்ளியில் சேர்ந்தார். சிறு சம்பளத்தில் வாராவாரம் அதற்கும் பணம் கட்டினார். சின்னப் பையன்கள் எழுதும் எழுத்துக்களை அந்த வாலிபர் வெட்கப்படாமல் எழுதிப் பழகினார். என்ஜின் ஓடும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்.

1802-ல் பிரான்சிஸ் என்ற பெண்ணை மணந்தார். வருமானம் போதவில்லை. ஓய்வு நேரத்தில் செருப்புத் தைத்தார். கடிகாரம் பழுது பார்த்தார். 1803-ல் ராபர்ட் என்ற மகன் பிறந்தான்.

பிறகு துன்பம் தொடர்ந்து வந்தது. 1805-ல் பிறந்த பெண் குழந்தை சில வாரங்களில் இறந்தது. மறு ஆண்டு மனைவியும் காச நோயால் மாண்டார். ஜார்ஜ், மகனை வேறொருவர் பொறுப்பில் விட்டுவிட்டு, பிழைப்புத் தேடி ஸ்காட்லாந்து சென்றார். சில மாதங்களில் திரும்பி வந்தபோது, தந்தை விபத்தில் கண் பார்வையை இழந்திருந்தார். குடும்பச் சுமை முழுவதும் ஜார்ஜின் தோளில் விழுந்தது.

கில்லிங்வொர்த் சுரங்கத்தில் 1811-ம் ஆண்டு ஒரு புதிய என்ஜின் சரியாகத் தண்ணீர் இறைக்கவில்லை. கெட்டிக்காரர்கள் பலர் முயன்றும் பயன் இல்லை. ஜார்ஜ் அதைப் பிரித்துச் சீராக்கினார். சில நாட்களில் சுரங்கம் வற்றியது! அதன் பயனாக சுரங்கத்து என்ஜின்களுக்கெல்லாம் பொறுப்பாளர் ஆனார்.

மகனும் தந்தையும்

தான் பட்ட அவதியை மகன் படக்கூடாது என்று உறுதி கொண்டார். ராபர்ட்டை நியூகாசிலில் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். பையன் கழுதை மீது ஏறிப் பள்ளி சென்று வருவான். நகரத்து நூலகத்தில் இருந்து புத்தகம் கொண்டு வருவான். இரவில் மகன் படிக்க, தந்தை கேட்பார். மகன் கற்ற பாடம் தந்தைக்கும் பாடமாயிற்று. இருவரும் சேர்ந்து 1816-ல் செய்த சூரிய கடிகாரம், அவர்கள் வாழ்ந்த வீட்டு வாசலுக்கு மேல் பதிக்கப்பட்டது.

ஓடும் என்ஜின்

தண்டவாளத்தில் ஓடும் நீராவி என்ஜினை முதலில் செய்தவர் ரிச்சர்டு டிரெவிதிக். அது 1804-ல் ஓடியது. ஆனால் அதன் பாரம் தாங்காமல் தண்டவாளம் உடைந்தது. என்ஜினும் தண்டவாளமும் ஒன்றுக்கொன்று பொருந்தவேண்டும் என்பதை ஸ்டீபன்சன் உணர்ந்தார்.

1814-ல் அவர் செய்த புளூச்சர் என்ற என்ஜின், 30 டன் கரியை ஏற்றமான பாதையில் மணிக்கு 4 மைல் வேகத்தில் இழுத்தது.

அது இழுத்த வண்டிகளுக்கு சால்ட்ரான் என்று பெயர். மரத்தால் ஆனவை, மேலே அகன்று, கீழே குறுகி, புனல் போல இருக்கும். ஒரு வண்டி இரண்டரை டன்னுக்கு மேல் கரி கொள்ளும். ஆற்றுத்துறைக்கு வந்ததும் அடிக் கதவைத் திறந்தால் போதும். கரி தானாகக் கொட்டிவிடும்.

குதிரைகள் இழுத்த காலத்தில் இருந்தே அங்கே தண்டவாளங்களின் இடைவெளி 4 அடி 8 அங்குலம். ஸ்டீபன்சன் அதையே வைத்துக்கொண்டார். சக்கரம் தாராளமாக ஓடுவதற்காகப் பின்னர் அரை அங்குலம் கூட்டப்பட்டது.

விளக்குச் சண்டை

அந்தக் காலத்தில் சுரங்கத்தில் எரிவாயு தீப்பற்றி ஏராளமானவர்கள் மடிந்தனர். 1815-ல் ஸ்டீபன்சன் ஒரு காப்பு விளக்குச் செய்தார். வாயு கசியும் இடத்துக்குத் தாமே அதை ஏந்திச் சென்று சோதித்தார். விளக்கு வெடித்தால் உயிர் போயிருக்கும்!

அதே சமயத்தில் லண்டனில் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியும் ஒரு விளக்கைக் கண்டுபிடித்தார். டேவிக்கு 2 ஆயிரம் பவுன் பரிசு கிடைத்தது. படிக்காத தொழிலாளி இதை எப்படிச் செய்திருக்க முடியும், திருடியிருப்பார் என்று சிலர் தூற்றினர். ஊர்மக்கள் கொதித்தனர். நிதி திரட்டி ஸ்டீபன்சனுக்கு ஆயிரம் பவுன் வழங்கினர். இருவரும் தனித்தனியே கண்டுபிடித்தனர் என்பதே உண்மை.

மக்கள் ஏறிய ரெயில்

ஸ்டாக்டன் - டார்லிங்டன் பாதையை அமைக்கும் வேலை ஸ்டீபன்சனிடம் வந்தது. என்ஜின் செய்வதற்கென்றே 1823-ல் நியூகாசிலில் தொழிற்சாலை தொடங்கினார். அதற்கு மகன் பெயரை வைத்தார்.

1825-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி, லோகோமோஷன் என்ற என்ஜின் புறப்பட்டது. ஓட்டியவர் ஸ்டீபன்சன். பின்னால் கரி வண்டிகள், மாவு மூட்டை வண்டி, முக்கியஸ்தர்கள் அமர்ந்த ஒரு பெட்டி. மற்ற வண்டிகளில் நூற்றுக்கணக்கான மக்கள்! முக்கியஸ்தர்களின் பெட்டிக்கு எக்ஸ்பெரிமெண்ட் என்று பெயர். மரத்தால் கட்டிய சிறு வீட்டுக்குச் சக்கரம் வைத்ததுபோல் அது இருந்தது.

அவமானமும் வெற்றியும்

அதே 1825-ல் அவருக்குப் பெரிய அவமானமும் நேர்ந்தது. லிவர்பூல் - மான்செஸ்டர் ரெயில் பாதைத் திட்டம் பார்லிமெண்டுக்கு வந்தது. கால்வாய் முதலாளிகளும் நிலப்பிரபுக்களும் எதிர்த்தனர். அவர்களுடைய வக்கீல்கள் ஸ்டீபன்சனைக் கேள்விகளால் துளைத்தனர். அவருடைய கிராமத்துப் பேச்சைக் கேட்டு ஏளனம் செய்தனர். உதவியாளர்கள் எடுத்த அளவுகளில் தவறு இருந்தது. அவற்றை அவர் சரிபார்த்திருக்கவில்லை. மசோதா தோற்றது. அவரை விலக்கிவிட்டு வேறு என்ஜினீயர்களை நியமித்தனர்.

மறு ஆண்டு மசோதா நிறைவேறியது. கம்பெனி மீண்டும் ஸ்டீபன்சனையே அழைத்தது! வழியில் சாட் மாஸ் என்ற பெரிய சேற்று நிலம் இருந்தது. கொட்டிய மண்ணையெல்லாம் அது விழுங்கியது. ஸ்டீபன்சன் புதரும் சுள்ளியும் பரப்பி, அவற்றின் மீது பாதையை மிதக்கவிட்டார். இன்றும் அங்கே ரெயில் ஓடுகிறது.

எந்த என்ஜின் சிறந்தது என்று அறிய 1829 அக்டோபரில் ரெயின்ஹில் என்ற இடத்தில் போட்டி நடந்தது. பரிசு 500 பவுன். ஸ்டீபன்சனும் மகனும் ராக்கெட் என்ற என்ஜினைக் கொண்டு வந்தனர். அதன் கொதிகலனுக்குள் 25 செப்புக் குழாய்கள். நெருப்பின் சூடு அவற்றின் வழியே சென்றதால் நீராவி விரைவில் பெருகியது. அந்த யோசனையைச் சொன்னவர் ஹென்றி பூத். மற்ற என்ஜின்கள் பழுதாகி நின்றன. ராக்கெட் மணிக்கு சுமார் 30 மைல் வேகம் வரை ஓடி வென்றது.

1830 செப்டம்பர் 15-ந் தேதி பாதை திறப்பு விழா. வழியில் ரெயில் தண்ணீருக்காக நின்றபோது, லிவர்பூல் பார்லிமெண்டு உறுப்பினர் வில்லியம் ஹஸ்கிசன் கீழே இறங்கி நின்றார். பக்கத்துத் தண்டவாளத்தில் வந்த ராக்கெட் அவர் காலை நசுக்கிவிட்டது. ஸ்டீபன்சன் தாமே வேறு என்ஜினை ஓட்டி, அவரை மருத்துவ உதவிக்குக் கொண்டு சென்றார். ஆனாலும் அன்று இரவே அவர் இறந்தார். விழா நாள் துக்க நாளாயிற்று.

முதுமை

கடைசிக் காலத்தில் ஸ்டீபன்சன் செஸ்டர்பீல்டு என்ற ஊரில் தோட்டம் போட்டார். வெள்ளரிக்காய் வளைந்து காய்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடிக் குழாய்க்குள் காயை வளரவிட்டு நேராக்கினார்! 1847-ல் மெக்கானிக்கல் என்ஜினீயர்கள் சங்கத்தின் முதல் தலைவர் ஆனார். 1848 ஆகஸ்டு 12-ந் தேதி, 67-வது வயதில் காலமானார்.

மகன் ராபர்ட் பெரிய பாலங்கள் கட்டிப் புகழ் பெற்றார். மாமன்னர்கள் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தனர். எழுத்தறியாத தாத்தாவின் பேரனுக்குக் கிடைத்த மரியாதை இது!

ஸ்டீபன்சன் வைத்த இடைவெளி, 1435 மில்லி மீட்டர் என்ற பெயரில் இன்று உலகின் பல நாடுகளில் வழங்குகிறது. நம் இந்திய ரெயில்வேயின் அகலப் பாதை அதைவிடப் பெரியது, 1676 மில்லி மீட்டர். ஆனால் சென்னை மெட்ரோ ரெயில் ஓடுவது ஸ்டீபன்சனின் அளவில்தான்.

மாதிரி ரெயில் செய்து விளையாடுவோரும் அவரை மறக்க முடியாது. அவர்கள் பெரிதும் பயன்படுத்தும் தண்டவாளத்தின் இடைவெளி பதினாறரை மில்லி மீட்டர். அதை 87-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 1435 வரும்! நியூகாசில் பக்கத்துக் குதிரை வண்டிப் பாதையின் அளவு, இன்று குழந்தைகளின் மேஜை மீதும் ஓடுகிறது.