துன் சம்பந்தனும் பத்து வெள்ளியும்

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று பெரியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால், கூடி இழுக்கும்போது எல்லாரும் முழுப் பலத்தோடுதான் இழுக்கிறார்களா? பிரான்சு நாட்டு வேளாண் பொறியாளர் மேக்ஸ் ரிங்கல்மன் இதைக் கயிற்றைக் கொண்டே சோதித்து, 1913-இல் முடிவை வெளியிட்டார். தனி ஒருவரின் இழுவிசை 100 என்றால், எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஆளுக்கு 49தான் தேறியது. எல்லாரும் ஒரே நொடியில் இழுக்காததும் இதற்கு ஒரு காரணம். மற்றவர் இழுப்பார் என்ற நினைப்பும் காரணம் என்று பின்னாளைய ஆய்வுகள் காட்டின. குழுவாக இடுபணி செய்த பல்கலைக்கழக நண்பர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. அட்டையில் ஐந்து பெயர்கள் இருக்கும். விடிய விடியத் தட்டச்சு செய்தவர் யாரென்று அறைத்தோழருக்குத்தான் தெரியும்.

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் வாழ்க்கையை மீண்டும் படித்தேன். தமிழ்ப்பள்ளியில் அவர் எனக்கு ஒரு படம் மட்டுமே. இடைநிலைப்பள்ளி வரலாற்றுப் பாடத்தில் தேர்வுக்காக மனனம் செய்த ஒரு பெயர்.

அவர் 1919 ஜூன் 16-ஆம் நாள் பேராக், சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தையார் வீராசாமி 1896-இல் மலாயாவுக்கு வந்து, உழைத்து, ரப்பர் நிலங்களுக்கு உரிமையாளரானவர். மகன் கோலகங்சார் கிளிபர்ட் பள்ளியிலும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படித்தார். 1954-இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலையைத் தொடங்கினார். 1955-இல் ம.இ.கா.வின் தேசியத் தலைவரானார். அதே ஆண்டில் அமைச்சருமானார். வசதியான வீட்டுப் பிள்ளை அவர். லயத்து வாழ்க்கையை அவர் வாழ்ந்து அறிந்தவர் அல்லர்.

ஆனால், அக்காலத்தில் லயங்களுக்குத்தான் பெரிய ஆபத்து வந்தது. சுதந்திரத்தையொட்டி ஆங்கிலேயக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் நிலத்தைத் துண்டு துண்டாக்கிக் கைமாற்றினர். தோட்டம் துண்டானால் வேலை போகும். வேலையோடு வீடும் போகும். ஆயாக் கொட்டகை, பள்ளி, கோயில் எல்லாமே ஆட்டங்காணும். இதற்கு விடையாக 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளர்களே பணம் போட்டுத் தோட்டங்களை வாங்குவது என்பது திட்டம். ஆளுக்குப் பத்து வெள்ளி.

பத்து வெள்ளி அன்றைக்குப் பல நாள் கூலி. நாடு முழுவதும் இத்தனை ஆயிரம் பேர் இருக்கிறார்களே, என் பத்து வெள்ளி இல்லாவிட்டால் திட்டம் நின்றுவிடுமா என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தால் ஒரு மரத்தைக்கூட வாங்கியிருக்க முடியாது. ரிங்கல்மனின் கயிறு இங்கேதான் தளர்ந்திருக்க வேண்டும். அமைச்சராக இருந்தவர் தோட்டம் தோட்டமாகச் சென்றார். தொழிலாளர்களிடம் நேரில் பேசிச் சேர்த்தார். பணம் கொடுத்தவருக்குத் தம் பெயரில் பங்கு. கூட்டத்தில் ஒருவருக்கு ஒரு வாக்கு.

இது தோட்ட மக்களுக்கு எளிதில் புரிந்திருக்கும் என்பது என் எண்ணம். ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவிய என் பாட்டி சொல்வார்: வெளிக்காட்டு வேலையில் கும்பலோடு புல் வெட்டும்போது தண்டல் அந்தப் பக்கம் போனால் மண்வெட்டி ஓய்வெடுக்கும்; பால் வெட்டில் அந்தக் கதை நடக்காது. அவரவர் நிரை அவரவருக்கு. பால் கொட்டகையில் வாளியை நிறுத்துக் கிராணி பெயருக்கு நேரே எழுதிவிடுவார். 1981-இல் அமெரிக்க உளவியலாளர்கள் வில்லியம்ஸ், ஹார்க்கின்ஸ், லதானே மூவரும் கண்டதும் ஏறக்குறைய இதுவே. கூட்டமாகக் கத்தும்போது தம் குரல் தனியே அளக்கப்படுவது தெரிந்தால், மாணவர்கள் சத்தத்தைக் குறைக்கவில்லை.

கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பல தோட்டங்கள் சேர்ந்தன.

இங்கே எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. நம் மேடைகளில் துன் அவர்களைத் தனியொருவராகச் சமுதாயத்தைத் தூக்கி நிறுத்தியவர் என்றே பேசுகிறோம். தந்தை விட்டுச்சென்ற நிலத்தில் பெரும்பகுதியைப் பொதுப்பணிக்காக விற்றவர் அவர். ஆகவே அந்தப் புகழ் பொய்யல்ல. ஆனால், அப்படிப் பேசப் பேச, இழுக்க ஒருவர் இருக்கிறார், நாம் கயிற்றைத் தொட்டுக்கொண்டு நின்றால் போதும் என்ற எண்ணமும் வளர்கிறது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பத்து வெள்ளி கொடுத்த பெண்களைப் பற்றி எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

1973-இல் அவர் கட்சித் தலைமையிலிருந்து விலகினார்; டான்ஸ்ரீ மாணிக்கவாசகம் அப்பொறுப்புக்கு வந்தார். 1979 மே 18-ஆம் நாள் துன் சம்பந்தன் இயற்கை எய்தினார். அதன்பின் அவர் துணைவியார் தோ புவான் உமா சுந்தரி சம்பந்தன் கூட்டுறவுச் சங்கத்தைப் பல ஆண்டுகள் வழிநடத்தினார்.