டென்ஷன் வந்தால் பசி ஏன் போய்விடுகிறது? பூனையின் வயிற்றில் விடை தேடிய வால்டர் கேனன்

மதியம் 2 மணிக்கு அப்ரைசல் மீட்டிங். லஞ்ச் பாக்ஸைத் திறக்கவே மனசு வரவில்லை. கஷ்டப்பட்டு நாலு வாய் சாப்பிட்டாலும், அது கல்லு மாதிரி வயிற்றிலேயே உட்கார்ந்திருக்கிறது. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். 'டென்ஷன்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம்.

ஆனால், மனசில் இருக்கும் பயம் வயிற்றுத் தசைக்கு எப்படித் தெரிகிறது? இந்தக் கேள்விக்கு ஆய்வகத்தில் விடை தேடியவர், அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் பிராட்ஃபோர்ட் கேனன். அதற்காக அவர் கொடுத்த விலை கொஞ்சமல்ல.

எக்ஸ்ரேயில் தெரிந்த வயிறு

1871-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்த கேனன், 1896-ல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர். எக்ஸ்ரே கண்டுபிடித்து அப்போதுதான் ஓராண்டு ஆகியிருந்தது. எலும்பு முறிவைப் பார்ப்பதற்குத்தான் பெரும்பாலும் அது பயன்பட்டது. விழுங்கும் உணவு உள்ளே எப்படிப் போகிறது என்று இதை வைத்துப் பார்க்கலாமே என்றார், பேராசிரியர் ஹென்றி பவுடிச்.

ஒரு சிக்கல் இருந்தது. வயிறு மென்மையான தசை. எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாது. அதனால், கதிரை மறைக்கும் பிஸ்மத் உப்பை உணவில் கலந்து பூனைகளுக்குக் கொடுத்தார் கேனன். இரைப்பை அலை அலையாகச் சுருங்கி உணவைத் தள்ளுவது திரையில் நிழலாகத் தெரிந்தது. இன்று ஸ்கேன் சென்டரில் பேரியம் குடிக்கக் கொடுத்து எக்ஸ்ரே எடுக்கிறார்களே, அதற்கு முன்னோடி இதுதான்.

எதிர்பாராத ஒன்றையும் அவர் கவனித்தார். கட்டிப்போட்ட பூனை பயந்தாலோ, முரண்டு பிடித்தாலோ, அந்த அலைகள் சட்டென்று நின்றுவிடும். பூனை அமைதியானதும் மறுபடி தொடங்கும்.

ரத்தத்தில் கலந்த பயம்

ஏன் நிற்கிறது? 1906-ல் ஹார்வர்டு பேராசிரியரான கேனன், 1911-ல் ஒரு சோதனை செய்தார். நிம்மதியாக இருந்த பூனையின் ரத்தத்தில் ஒரு சிறு குடல்தசைத் துண்டை வைத்தார். அது சுருங்கி விரிந்துகொண்டே இருந்தது. குரைக்கும் நாயைக் காட்டிப் பயமுறுத்திய பிறகு எடுத்த ரத்தத்தில் வைத்தபோது, தசை தளர்ந்து அசைவு நின்றது. சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பி, பயம் வந்ததும் ரத்தத்தில் அட்ரினலினைக் கலக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்.

இதில் இரண்டு வழிகள் வேலை செய்கின்றன. ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும், பரிவு நரம்புகள் நேரடியாகக் குடலின் வேகத்தைக் குறைக்கின்றன. அதே நரம்புகள் அட்ரினலையும் தூண்டுகின்றன. ரத்தம் செரிமான உறுப்புகளை விட்டுக் கை, கால் தசைகளுக்குத் திரும்புகிறது. சண்டை போடவோ, தப்பி ஓடவோ உடல் தயாராகிறது. மீட்டிங் ரூமில் இரண்டுமே செய்ய முடியாது என்பது உங்கள் வயிற்றுக்குத் தெரியாது.

பலூன் விழுங்கிய மாணவர்

அடுத்து அவர் கை வைத்தது பசியில். அவருடைய மாணவர் ஆர்தர் வாஷ்பர்ன், குழாய் இணைத்த பலூன் ஒன்றை விழுங்கினார். பசி கிள்ளும்போதெல்லாம் ஒரு விசையை அழுத்தினார். இரைப்பை சுருங்கிய நேரங்களோடு அது பொருந்தியது. ஆக, பசி என்பது வயிற்றின் சுருக்கமே என்று 1912-ல் இருவரும் எழுதினார்கள்.

இது பாதி உண்மைதான். இரைப்பையை அகற்றியவர்களுக்கும் பசி எடுப்பது பிறகு தெரியவந்தது. 1951-ல் யேல் பல்கலைக்கழகத்தில் இந்திய உடலியல் அறிஞர் பால் கிருஷன் ஆனந்தும் ஜான் ப்ரோபெக்கும், மூளையின் ஹைபோதலாமஸில் உணவு மையம் ஒன்றைக் கண்டறிந்தனர். இருபுறமும் அந்த இடத்தைச் சிதைத்தபோது எலிகள் சாப்பிடுவதையே நிறுத்தின. ஆனாலும் வயிற்றை ஒதுக்கிவிட முடியவில்லை. 1999-ல் கண்டறியப்பட்ட கிரெலின் என்ற ஹார்மோன், முக்கியமாக இரைப்பையில் சுரந்து பசியை மூளைக்குச் சொல்கிறது. வயிறும் மூளையும் மாறி மாறிப் பேசிக்கொள்கின்றன.

தோலில் எழுதிய பில்

ஆரம்பகால ஆய்வாளர்களுக்கு எக்ஸ்ரேயின் ஆபத்து தெரியாது. போதிய தடுப்பு இல்லாமல் மணிக்கணக்கில் கதிர்முன் நின்றார் கேனன். பின்னாளில் அவருக்குத் தோலைத் தாக்கும் ஒருவகைப் புற்றுநோய் வந்தது. இளமையில் பட்ட அந்தக் கதிர்களே காரணம் எனக் கருதப்பட்டது. அரிப்போடும் வலியோடும்தான் கடைசி ஆண்டுகளில் வேலை பார்த்தார். 1942-ல் ஓய்வு பெற்றவர், 1945 அக்டோபர் 1-ல் இறந்தார். நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்கவில்லை.

அடுத்த முறை டென்ஷனில் சாப்பாடு இறங்கவில்லை என்றால் உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். மீட்டிங் முடியட்டும், பத்து நிமிஷம் பொறுங்கள். கேனன் பார்த்த பூனைகளுக்கும் அமைதி திரும்பிய பிறகுதான் வயிறு வேலையைத் தொடங்கியது.