குசினியில் அமைதி கண்ட சகோதரர்



செபமாலையின் முதற் பத்து மணிகள் முடியுமுன்பே பராக்கு வந்துவிடுகிறதே, வீட்டு வேலைகளுக்கிடையில் மன அமைதிக்கு நேரமேது என்று கவலைப்படுபவர்களுள் நீங்களும் ஒருவரா? அப்படியானால், பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் மடத்துக் குசினியொன்றில் உழைத்த சகோதரர் லோறன்சின் வரலாறு உங்களுக்குரியது.

இவரின் இயற்பெயர் நிக்கலஸ் ஹேர்மன். இன்றைய பிரான்சின் கிழக்கேயுள்ள லொறேன் பிரதேசத்தில் 1614ஆம் ஆண்டளவில் ஏழைக் குடும்பமொன்றிற் பிறந்தார். 18 வயதில், குளிர்காலத்தில் இலையுதிர்ந்து நின்ற ஒரு மரத்தைக் கண்டார். சிறிது காலத்தில் அது மீண்டும் தளிர்த்துப் பூத்துக் காய்க்குமே என்று சிந்தித்த வேளையில், இறைவனின் பராமரிப்பு அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. ஆயினும் அவர் அப்போதே துறவியாகிவிடவில்லை. முப்பதாண்டுப் போரிலே போர்வீரனாகிக் காயப்பட்டார். பின்னர் பிரபு ஒருவரிடம் ஏவலாளாக இருந்தார். அங்கே அவர் கைபட்ட பொருளெல்லாம் உடைந்ததாம்!

1640இல் பாரிஸ் கார்மேல் மடத்தில் பொதுநிலைச் சகோதரராகச் சேர்ந்தார். தம் குறைகளுக்காக அங்கே வருந்த நேரிடும் என எண்ணிச் சென்றவருக்குக் கிடைத்தது குசினி வேலை. அதுவோ அவர் இயல்பாகவே வெறுத்த வேலை. அதையே சுமார் 15 ஆண்டுகள் செய்தார்.

அமைதி அவருக்கு ஒரே நாளிற் கிட்டவில்லை. முதற் பத்து ஆண்டுகள் உள்ளத்தில் பெரும் போராட்டம். தாம் மீட்படையவே மாட்டோம் என்று நான்கு ஆண்டுகள் அஞ்சி நடுங்கினார். இறுதியில், தமக்கு என்ன நேர்ந்தாலும் இறைவன் மீதுள்ள அன்பிற்காகவே அனைத்தையும் செய்வது எனத் தீர்மானித்தார். அதன்பின் அவர் உள்ளம் இளைப்பாறியது.

அவர் கைக்கொண்ட வழி மிக எளியது. வேலையைத் தொடங்குமுன் இறைவனின் உதவியைக் கேட்பார். வேலையினிடையே அவரோடு உள்ளத்தில் உரையாடுவார். முடிந்ததும் தம்மைச் சோதித்துப் பார்ப்பார். நன்றாக முடிந்தால் நன்றி கூறுவார். தவறியிருந்தால் மன்னிப்புக் கேட்டு, மனங்கலங்காமல் அடுத்த வேலைக்குச் செல்வார். சட்டியில் முட்டைப் பொரியலைப் புரட்டுவதும், நிலத்திற் கிடந்த ஒரு துரும்பை எடுப்பதும் அவருக்கு இறையன்பின் செயல்களே. பலர் ஒரே நேரத்தில் பலதைக் கேட்டுக் கூப்பிடும் இரைச்சலிலும், நற்கருணை முன் முழந்தாட்படியிட்டிருக்கும் அதே அமைதி அவரிடம் நிலவியது.

மனம் அலைந்தால் என்ன செய்தார்? அதை அதட்டவில்லை. அதட்டினால் கலக்கம் இன்னும் கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே சாந்தமாக அதைத் திருப்பி அழைத்து வந்தார். எத்தனை முறை அலைந்ததோ, அத்தனை முறையும் அழைத்தார். இவ்வாறு காலஞ்செல்ல அது பழக்கமாயிற்று.

பிற்காலத்தில் கால்நோயினால் குசினியை விட்டு, மடத்தவரின் செருப்புகளைச் செப்பனிட்டார். 1691 பெப்ரவரி 12ஆம் நாள் மரித்தார். அவரோடு உரையாடி வந்த குரு யோசப் டி போபோர், அவருடைய கடிதங்களையும் அறிவுரைகளையும் தொகுத்து வெளியிட்டார். அவை இன்று பிற சபைக் கிறிஸ்தவர்களாலும் விரும்பிப் படிக்கப்படுகின்றன. திருச்சபை அவரைப் புனிதராக அறிவிக்கவில்லை; அவர் பெயரால் திருநாளுமில்லை.

வாசகர்களே, அமைதியைத் தேடி நீங்கள் வீட்டைவிட்டு ஓட வேண்டியதில்லை. இன்று மாலை தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும்வரை ஆண்டவரைச் சற்று நினைத்துப் பாருங்கள். பிள்ளை கூப்பிட்டால் எழுந்து போங்கள். அங்கிருந்தும் அவரை நினையுங்கள். மறந்துவிட்டால் உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். நினைவு வந்ததும் மறுபடி தொடங்குங்கள். சகோதரர் லோறன்சுக்கே பத்து ஆண்டுகள் சென்றன என்றால், நாம் சில நாளிற் சலித்துவிடலாமா?