‘ஜேசன்’ ஓட்டிய ஏமி

இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் பச்சை வண்ணச் சிறு விமானம் ஒன்று உள்ளது. மரமும் துணியுமான இறக்கைகள், கூரையற்ற இருக்கை. ‘ஜேசன்’ என்பது அதன் பெயர். 1930ஆம் ஆண்டில் இதில் தன்னந்தனியே ஆஸ்திரேலியாவுக்குப் பறந்தவர் ஏமி ஜான்சன் என்னும் ஆங்கில நங்கை.

1903இல் ஹல் துறைமுக நகரில், மீன் வணிகக் குடும்பத்தில் ஏமி பிறந்தார். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் அவர் பயின்றது பொருளாதாரம். ஆம், நம்மைப்போல் கலைப்பிரிவு மாணவிதான்! பட்டம் பெற்றபின் இலண்டனில் வழக்கறிஞர் அலுவலகமொன்றில் வேலை பார்த்துக்கொண்டே விமானம் ஓட்டப் பழகினார். ஓட்டினால் மட்டும் போதுமா? எஞ்சினைப் பிரிக்கவும் பூட்டவும் கற்றார். 1929 இறுதியில், விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் பெற்ற முதல் பிரிட்டிஷ் பெண்மணியானார். தந்தையும் வேக்ஃபீல்டு பிரபுவும் பொருளுதவ, 600 பவுனுக்குப் பழைய விமானம் ஒன்றை வாங்கினார். குடும்ப மீன் வணிகத்தின் முத்திரைப் பெயரே அதற்கும் பெயராயிற்று.

1930 மே 5 அன்று குராய்டனிலிருந்து புறப்பட்டார். அதுவரை அவர் தனியே பறந்த மிக நீண்ட தொலைவு இலண்டனிலிருந்து ஹல் வரையில்தான்! ஆயினும் ஆறே நாளில் கராச்சியை அடைந்தார். 1928இல் பதினைந்தரை நாளில் ஆஸ்திரேலியா சென்ற ஹிங்க்லரைவிட, அதுவரைக்கும், இரண்டு நாள் முந்தியிருந்தார். ஜான்சியில் இராணுவ அணிவகுப்பு மைதானத்தில் இறங்கியபோது இறக்கை சேதமுற்றது. சரிசெய்துகொண்டு கல்கத்தா வழியே பர்மாவுக்குப் பறந்தார்.

நம் பாட்டன்மார் பலர் பிழைப்புத் தேடிச் சென்ற அந்த ரங்கூனுக்கு அருகில்தான் பெருஞ்சோதனை காத்திருந்தது. கொட்டும் மழையில், குதிரைப் பந்தயத் திடல் என்றெண்ணி இன்சீன் தொழில்நுட்பப் பள்ளியின் விளையாட்டு மைதானத்தில் இறங்கினார். விமானம் பள்ளத்தில் பாய்ந்தது. இறக்கை கிழிந்தது, சுழலி முறிந்தது. பள்ளியைச் சேர்ந்தோர் உதவிக்கு வந்தனர். முதல் உலகப்போரில் மிஞ்சிய விமானத் துணியில் தைத்த சட்டைகள் அவ்வூரில் இருந்தன. அச்சட்டைகளே இறக்கைக்கு ஒட்டுப்போட உதவின! கைவசம் கொண்டுவந்திருந்த மாற்றுச் சுழலியும் பொருத்தப்பட்டது. அதற்குள் சாதனை கைநழுவிவிட்டது.

மே 24இல் டார்வின் நகரில் இறங்கினார். கடந்த தொலைவு ஏறத்தாழ 11,000 மைல். ஹிங்க்லரை வெல்லவில்லை, ஆனால் ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்த முதல் பெண் என்று உலகமே கொண்டாடியது. 1932இல் கேப்டவுன் பயணத்தில் புதுச் சாதனையும் படைத்தார்.

இரண்டாம் உலகப்போரில், தொழிற்சாலை விமானங்களைப் படைத்தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் பணியை ஏற்றார். 1941 ஜனவரி 5 அன்று, கடுங்குளிரில் வழிதவறித் தேம்ஸ் முகத்துவாரத்தில் வான்குடையுடன் குதித்தார். அவரைக் காப்பாற்றக் கடலில் பாய்ந்த கப்பல் தளபதி வால்டர் ஃபிளெட்சரும் உயிரிழந்தார். ஏமிக்கு அப்போது வயது 37. உடல் கிடைக்கவேயில்லை.