தகைவிலானுக்காகக் காத்திருந்தவர்

இங்கிலாந்தில் குன்றும் பள்ளத்தாக்கும் சூழ்ந்த செல்போர்ன் சிற்றூரில் 1720-இல் பிறந்தவர் கில்பர்ட் வைட். ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றும் ஊர் திரும்பித் துணைப் பாதிரியாராகவே வாழ்ந்தார். பறவைகளைச் சுட்டு வீழ்த்தி ஆராய்ந்த காலம் அது. இவரோ பெரும்பாலும் பார்த்தும் கேட்டுமே அறிந்தார். ஒன்றுபோல் தோன்றிய மூன்று குருவிகளை அவற்றின் பாட்டைக் கொண்டே பிரித்தறிந்தார்.

வசந்தத்தில் தகைவிலான் குருவி வரும் நாளையும் இலையுதிர் காலத்தில் மறையும் நாளையும் ஆண்டுதோறும் குறித்தார். குளிர்காலத்தில் அவை எங்கே போகின்றன? சில உள்ளூரிலேயே ஒளிந்து உறங்குமோ என்ற ஐயம் அவரை விடவேயில்லை. 1789-இல் அவர் நூல் வெளிவந்தது. 1793-இல் விடை தெரியாமலே மறைந்தார். இங்கிலாந்தில் காலில் வளையமிட்ட ஒரு தகைவிலான் 1912-இல் தென்னாப்பிரிக்காவில் பிடிபட்டது.

நண்பர்களே, ஆண்டிறுதியில் நம் பட்டணத்து மின்கம்பிகளிலும் வட ஆசியாவிலிருந்து வந்த தகைவிலான்கள் அமர்கின்றன. ஒரு மாலை நின்று பாருங்கள். தேதியைக் குறித்து வையுங்கள்.