5 டாலர் அபராதம் கட்ட மறுத்த போதகர்: அமெரிக்கப் பள்ளிகள் தடுப்பூசி அட்டை கேட்பதற்குப் பின்னால் ஒரு கதை

ஆன்சைட் வேலைக்காகக் குடும்பத்தோடு அமெரிக்கா போன நண்பர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனால், முதலில் கேட்கும் காகிதங்களில் ஒன்று தடுப்பூசி அட்டை. ஒரு ஊசி விடுபட்டிருந்தாலும், அதைப் போட்டுவிட்டு வாங்க, இல்லையென்றால் விலக்கு படிவம் கொடுங்க என்பார்கள். அந்த விலக்கும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒரு மாநிலத்தில் மத நம்பிக்கை என்று எழுதிக் கொடுத்தால் போதும். இன்னொன்றில் டாக்டர் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது.

ஏன் இப்படி? இதற்குப் பதில் தேடிப் போனால், 120 வருடங்களுக்கு முன்னால் 5 டாலர் அபராதம் கட்ட மாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு லூத்தரன் போதகரிடம் போய் நிற்போம். பெயர் ஹென்னிங் ஜேகப்சன். தடுப்பூசி பற்றிய வழக்கு எது வந்தாலும் அமெரிக்க நீதிமன்றங்களில் இன்றும் அடிபடும் பெயர். இத்தனைக்கும் அவர் தோற்றுப் போனவர்.

யார் இந்த ஜேகப்சன்?

1856இல் சுவீடனில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்பே அவர் வாழ்க்கையை மாற்றிய ஒரு விஷயம் நடந்துவிட்டது. சுவீடனில் 1816இல் இருந்தே குழந்தைகளுக்குப் பெரியம்மை தடுப்பூசி கட்டாயம். நம்ம ஊர்ப் பாட்டிகள் அம்மை குத்துவது என்று சொல்வார்களே, அதேதான். அது ஜேகப்சனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நீண்ட காலம் கடுமையாக அவதிப்பட்டதாகப் பிற்பாடு நீதிமன்றத்தில் சொன்னார். பின்னர் தன் மகன் ஒருவனுக்கும் அதேபோல ஆனதைப் பார்த்ததாகவும் சொன்னார்.

வளர்ந்து போதகரான அவர், 1890களில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் சுவீடனில் இருந்து வந்து குடியேறியவர்களுக்கான சபையை நடத்தத் தொடங்கினார். ஹார்வர்டு பல்கலைக்கழகம் இருக்கும் அதே கேம்பிரிட்ஜ்தான். ஞாயிறு ஆராதனை, கல்யாணம், ஞானஸ்நானம் என்று போய்க்கொண்டிருந்த வாழ்க்கை. 1902 வந்திருக்காவிட்டால் இன்று அவர் பெயர் யாருக்குமே தெரிந்திருக்காது.

பாஸ்டனைப் பிடித்த பெரியம்மை

1901இல் பக்கத்து நகரமான பாஸ்டனில் பெரியம்மை பரவ ஆரம்பித்தது. 1903இல் அது அடங்குவதற்குள் 1,596 பேருக்கு நோய் வந்து, 270 பேர் இறந்திருந்தார்கள். அந்த நாட்களில் போலீஸ் துணையோடு டாக்டர்கள் ஏழைகள் தங்கும் விடுதிகளுக்குள் நுழைந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பி ஊசி போட்ட சம்பவங்களும் நடந்தன.

எதிர்ப்பும் பலமாக இருந்தது. இம்மானுவேல் ஃபைஃபர் என்ற டாக்டர் தடுப்பூசிக்கு எதிராகப் பிரசாரம் செய்துகொண்டிருந்தார். அவ்வளவு தைரியம் இருந்தால் ஊசி போடாமல் நோயாளிகள் மத்தியில் வந்து பாருங்கள் என்று பாஸ்டன் சுகாதாரத் துறைத் தலைவர் சவால் விட்டார். ஃபைஃபரும் போனார். பெரியம்மை வந்து படுத்தார். சாவின் விளிம்புவரை போய்த்தான் பிழைத்தார்.

அதற்காக எதிர்த்தவர்கள் எல்லோரும் விவரம் தெரியாதவர்கள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அன்றைய தடுப்பூசி இன்றைய தடுப்பூசி மாதிரி கிடையாது. கன்றுக்குட்டிகளின் உடலில் வளர்த்து எடுத்ததைத் தோலைக் கீறித் தடவுவார்கள். யார் தயாரித்தாலும் பெரிதாகக் கேள்வி இல்லை. 1901இல் நியூஜெர்சியின் கேம்டன் நகரில் பெரியம்மை தடுப்பூசி போட்ட 9 குழந்தைகள் டெட்டனஸ் வந்து இறந்தார்கள். அதே வருடம் செயின்ட் லூயிஸ் நகரில், கெட்டுப்போன தொண்டை அடைப்பான் மருந்தால் 13 குழந்தைகள் இறந்தார்கள். இதற்குப் பிறகுதான், 1902இல், தடுப்பூசித் தயாரிப்பாளர்களுக்கு உரிமம் கட்டாயம் என்று அமெரிக்கா சட்டமே போட்டது. அப்படிப்பட்ட காலத்தில், ஏற்கெனவே ஒருமுறை பட்ட மனிதன் பயந்ததில் என்ன ஆச்சரியம்?

கதவைத் தட்டிய டாக்டர்

1902 பிப்ரவரி 27ஆம் தேதி கேம்பிரிட்ஜ் சுகாதார வாரியம் உத்தரவு போட்டது. கடந்த 5 ஆண்டுகளில் தடுப்பூசி போடாத எல்லோரும் உடனே போட வேண்டும். மார்ச் 15ஆம் தேதி வாரியத் தலைவர் டாக்டர் எட்வின் ஸ்பென்சரே ஜேகப்சனைப் பார்த்து, இலவசமாகப் போட்டுவிடுகிறேன் என்றார். ஜேகப்சன் முடியாது என்றார். அபராதம் 5 டாலர், இன்றைய மதிப்பில் 150 டாலருக்கு மேல். அதையும் கட்ட முடியாது என்றார்.

இந்த இடத்தில் அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பிடித்து வைத்து ஊசி போடும் அதிகாரத்தை அது தரவில்லை. மறுத்தால் அபராதம், அவ்வளவுதான். கூடவே ஒரு விலக்கும் இருந்தது: உடல்நிலை சரியில்லை என்று டாக்டர் சான்றிதழ் கொடுத்தால் குழந்தைகளுக்கு ஊசி வேண்டாம். பெரியவர்களுக்கு அந்த வசதி இல்லை. அதாவது, ஜேகப்சன் 10 வயதுப் பையனாக இருந்திருந்தால், ஒரு டாக்டரின் கடிதத்தோடு தப்பித்திருக்கலாம். 46 வயதுக்காரருக்கு வழியில்லை. இது பாரபட்சம் என்பது அவருடைய வாதங்களில் ஒன்று.

உள்ளூர் நீதிமன்றத்தில் ஆரம்பித்த வழக்கு, மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்று, வாஷிங்டனுக்குப் போனது. தடுப்பூசி எதிர்ப்புச் சங்கம் பின்னால் நின்றது. முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஜார்ஜ் ஃபிரெட் வில்லியம்ஸ் வாதாடினார். வேடிக்கை என்னவென்றால், போதகர் தொடுத்த வழக்கில் மத சுதந்திரம் ஒரு வாதமாக வைக்கப்படவே இல்லை. என் உடம்பு, என் சுதந்திரம், அதில் அரசு கைவைக்க முடியாது என்பதுதான் வாதம்.

தீர்ப்பு என்ன சொன்னது?

1905 பிப்ரவரி 20ஆம் தேதி, 7க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன். கருப்பின மக்களைத் தனி ரயில் பெட்டியில் ஏற்றலாம் என்று 1896இல் அதே நீதிமன்றம் சொன்னபோது, தனி ஆளாக நின்று எதிர்த்து எழுதியவர்.

சுதந்திரம் எல்லையற்றது கிடையாது, கொள்ளை நோய் வரும்போது தன்னைக் காத்துக்கொள்ள ஒரு சமூகத்துக்கு உரிமை உண்டு என்றார் ஹார்லன். டாக்டர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தால் எதை ஏற்பது என்று தீர்மானிப்பது சட்டமன்றத்தின் வேலை, நீதிமன்றத்தின் வேலை அல்ல என்றார். ஆனால் ஒரு சின்ன ஜன்னலையும் திறந்து வைத்தார். ஊசி போட்டால் ஒருவரின் உடல்நலமே கெடும் என்று நிரூபிக்கப்பட்டால், அங்கே கட்டாயப்படுத்துவது கொடுமை, நீதிமன்றம் தலையிடலாம். ஜேகப்சன் சின்ன வயதில் பட்டது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் இப்போது ஊசி ஒத்துக்கொள்ளாது என்பதற்கு அவர் ஆதாரம் காட்டவில்லை. வழக்கு முடிந்தது.

எனக்கு இந்தத் தீர்ப்பில் உறுத்துவது இந்த இடம்தான். தன் உடம்பில் நடந்ததையும் மகன் உடம்பில் நடந்ததையும் விசாரணையில் நிரூபிக்க ஜேகப்சன் கேட்டார். அந்த ஆதாரங்களைக் கீழ் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவே இல்லை. கடைசியில், நிரூபிக்கவில்லை என்றே அவர் தோற்றார்.

அது எப்படிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது?

பள்ளியில் சேரத் தடுப்பூசி வேண்டும் என்று மசாசூசெட்ஸ் 1855லேயே சட்டம் போட்டிருந்தது. ஆனால் நோயே பரவாத நேரத்திலும் ஒரு பள்ளி இப்படிக் கேட்கலாமா? டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில், ஊசி போடாததால் பள்ளியை விட்டு வெளியேற்றப்பட்ட ரோசலின் சுக்ட் என்ற மாணவிக்காக இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் போனது. 1922இல் பதில் ஒருமனதாக வந்தது: கேட்கலாம். இந்தக் கேள்விக்கு ஜேகப்சன் வழக்கிலேயே விடை சொல்லியாகிவிட்டது என்றது நீதிமன்றம். அப்போது அவர் உயிரோடுதான் இருந்தார்.

இன்னொரு விஷயமும் அவர் காலத்திலேயே நடந்தது. 1927இல், மனவளர்ச்சி குறைந்தவர் என்று முத்திரை குத்தப்பட்ட கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று அதே நீதிமன்றம் அனுமதித்தது. அதற்கு முன்னுதாரணமாகக் காட்டியது ஜேகப்சன் வழக்கை. தடுப்பூசியைக் கட்டாயப்படுத்தலாம் என்றால் இதையும் செய்யலாம் என்று நீதிபதி ஹோம்ஸ் ஒரே தாவாகத் தாவினார். அப்படிச் சட்டத்தின் பெயரால் அமெரிக்காவில் கருத்தடை செய்யப்பட்டவர்கள் 60 ஆயிரத்துக்கும் மேல். 5 டாலர் அபராதம் எங்கே, இது எங்கே!

சரி, விலக்குகள் எங்கிருந்து வந்தன? நீதிமன்றத்தில் இருந்து அல்ல. முடிவு சட்டமன்றத்தின் கையில் என்று ஹார்லன் சொல்லிவிட்டதால், கட்டாயமாக்குவதும் அவர்கள்தான், விலக்கு கொடுப்பதும் அவர்கள்தான். போலியோ, தட்டம்மை தடுப்பூசிகள் வந்த பிறகு 1960களில் மாநிலங்கள் பள்ளிச் சட்டங்களைக் கொண்டுவந்தபோது, மதக் குழுக்கள் பேசி விலக்கு வாங்கின. கொடுத்ததைத் திரும்ப எடுக்கவும் முடியும். டிஸ்னிலேண்டில் தொடங்கிய தட்டம்மைப் பரவலுக்குப் பிறகு கலிஃபோர்னியா 2015இல் மருத்துவக் காரணம் தவிர மற்ற விலக்குகளை நீக்கியது. நியூயார்க் 2019இல் மத விலக்கை எடுத்தது. மறுபக்கம், விலக்கு வாங்குவது எளிதான டெக்சாஸில் 2025இல் 762 பேருக்குத் தட்டம்மை வந்து, ஊசி போடாத 2 பள்ளி வயதுக் குழந்தைகள் இறந்தார்கள். 2024-25 கல்வியாண்டில் அமெரிக்கா முழுக்க மழலையர் வகுப்பில் சேர்ந்தவர்களில் 3.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு தடுப்பூசிக்கு விலக்கு வாங்கியவர்கள்.

ஜேகப்சன் 1930இல் இறந்தார். அவர் ஊழியம் செய்த மசாசூசெட்ஸில் இப்போது மாணவர்களுக்கு இரண்டு விலக்குகள் உண்டு. ஒன்று, டாக்டர் தரும் சான்றிதழ். இன்னொன்று, தடுப்பூசி எங்கள் மத நம்பிக்கைக்கு ஒத்துவரவில்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்கும் கடிதம்.