ரிச்சர்டு கியர்ட்டன்

பறவைக் கூடு தேடி மரமேறி விழுந்த சிறுவர் எத்தேசத்திலும் உண்டு. அவ்வாறு விழுந்து, தக்க வைத்தியம் வாய்க்காமையால் ஆயுள் முழுதும் கால் ஊனமுற்று நடந்த ஒருவரே, கூட்டிலிருக்கும் பறவையை அதன் இடத்திலேயே படம்பிடிக்கும் முயற்சிக்கு முன்னோடியாய் விளங்கினார் என்பது வியப்பன்றோ?

இங்கிலாந்தில், யார்க்ஷயரின் துவெய்ட் என்னும் மலைச்சிற்றூரில், 1862-ஆம் ஆண்டு ரிச்சர்டு பிறந்தார். ஆடு வளர்த்துப் பிழைக்கும் குடும்பம். வேட்டைக்கு வந்த காசல் பிரசுராலயத்தார் ஒருவர், இவர் காட்டுக்கோழியைப்போல் குரலெழுப்பி அப்பறவைகளை அருகழைத்த திறங்கண்டு வியந்து, லண்டனில் வேலை அளித்தார். பின்னர்த் தம்பி செர்ரியும் அங்கு வந்து சேர்ந்தார்.

அக்காலத்துப் பறவை நூல்களில் கைச்சித்திரங்களே மிகுதி. செத்த பறவையின் தோலில் பஞ்சடைத்து, அதைப் பார்த்து வரைந்தவை பல. முட்டைகளைத் திரட்டிப் பெட்டியில் அடுக்குவதோ கனவான்களின் பொழுதுபோக்கு. 1892 ஏப்ரல் 10-ஆம் நாள் லண்டனுக்கு வடக்கே, திரஷ் என்னும் பாடும்பறவையின் சேறு பூசிய கூட்டையும் நீலமுட்டைகளையும் செர்ரி படம்பிடித்தார். அப்படத்தைக் கண்ட ரிச்சர்டு, இவ்வாறே ஒரு நூல் முழுவதையும் அமைக்கலாமெனத் துணிந்தார். 1895-இல் வெளிவந்த அவர்தம் 'பிரிட்டிஷ் பறவைகளின் கூடுகள்' என்னும் நூலில் இடம்பெற்றவை யாவும் நேரில் எடுத்த படங்களே.

கூடும் முட்டையும் அசையா. தாய்ப்பறவையோ மனிதனைக் கண்டவுடன் பறந்துவிடும். முட்டை குளிர்ந்தால் கரு அழியும். ஆகவே மறைந்திருப்பதன்றி வேறு வழியில்லை. கண்ணாடித் தகடு செருகும் கனத்த காமிராவைச் சுமந்து, செர்ரி கயிற்றில் தொங்கிக் கடற்பாறைகளில் இறங்கினார். உயர்ந்த கூடுகளுக்கு ஒருவர் தோள்மீது மற்றவர் ஏறி நின்றார். 1900-இல் ஓர் எருதின் தோலை உரிப்பித்து, மரச்சட்டத்தின்மேல் போர்த்து, அப்பொய்யெருதினுள் குனிந்து புகுந்து ஒரு துளை வழியே படமெடுத்தனர். ஒருமுறை உள்ளிருந்தவர் மயங்கவே, எருது கால்களை மேலே நீட்டிச் சாய்ந்துவிட்டது! நகைப்புக்கிடமாயினும், வெயிலில் அத்தோலினுள் மணிக்கணக்காய் முடங்கியிருப்பதை எண்ணுவோர்க்கு நகை வருமோ? பறவைகள் அவ்வெருதைப் பொருட்படுத்தாது தம் காரியத்தைப் பார்த்தன. அதுவே அவர்கட்கு வேண்டியிருந்தது.

செர்ரி பிற்காலத்தில் ஆப்பிரிக்கா சென்று சலனப்படங்கள் எடுத்துப் புகழ்பெற்றார். ரிச்சர்டோ, ஊனக்காலுடன் ஊர்தோறும் சென்று, விளக்கொளியில் அப்படங்களைத் திரையில் காட்டிச் சொற்பொழிவாற்றி வந்து, 1928-ஆம் ஆண்டு காலமானார்.